தலையாட்டிய விலை

எண்பத்தேழாவது வேகனை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சஸ்காட்சுவான் மார்ச். சாலையோரம் அழுக்கேறிய பனி.
கோதுமை ரயில் போய்க்கொண்டே இருந்தது,
அவசரம் எதுவுமில்லாத ஒரு வாக்கியம்போல.
எண்பத்தெட்டு வரவில்லை.
அதற்குள் பின்னாலிருந்து ஒரு ‘தொப்’.
அவ்வளவுதான் சத்தம்.

ஓடிவந்து ஜன்னலைத் தட்டியவன் டாலஸ் வீப்,
பத்தொன்பது வயது, தொப்பி கையில்.
“ஏதாவது ஆச்சா, மிஸஸ் ஹிரிட்சாக்?”
இருவருமாய்க் குனிந்து பம்பரைப் பார்த்தோம்.
நகக்கீறல்கூட இல்லை.
இல்லை என்று தலையை ஆட்டினேன்.
வலிக்காமல் நான் சொன்ன கடைசி இல்லை அது.

மறுநாள் விடிந்ததும்
தலையணையிலிருந்து தலையை
இரண்டு கையாலும் தூக்கி எடுக்கவேண்டியிருந்தது,
கொடியிலிருந்து பூசணி எடுப்பதுபோல.

இன்ஷூரன்ஸ்காரர் போனில் கேட்டார்:
வண்டிக்குச் சேதம்?
இல்லை.
பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.
இரும்பு வாங்காததை எலும்பு வாங்கிக்கொண்டது, ஐயா,
என்று சொல்லத் தோன்றியது வைத்த பிறகுதான்.

கைரோபிராக்டர் பெயர் டெல்ஃபின் ஆர்கண்.
மருந்துக்கடைக்கு மேல் மாடி, பதினேழு படி.
நெட்டி முறிப்பாள் என்று பயந்து போனேன்.
அவள் கழுத்தைத் தொடவே இல்லை முதலில்.
விரல் மரத்துப்போகிறதா என்றாள்.
கண்ணுக்கு எதுவும் இரண்டாகத் தெரிகிறதா என்றாள்.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் வாசித்தாள்.
“இங்கே முறிக்க ஒன்றுமில்லை. பழக்கத்தான் வேண்டும்.”
மிரண்ட கன்றின்மேல் வைப்பதுபோல
கையை வைத்தாள், சும்மா இருந்தாள்.
கன்றும் நெடுநேரம் கழித்து மூச்சு விட்டது.

வீட்டுப்பாடம்:
தாடையை உள்ளே இழு.
இரட்டைத் தாடை விழும், வெட்கப்படாதே.
ஐந்து எண்ணி விடு.
மணிக்குப் பத்து முறை, எங்கிருந்தாலும்.

எங்கிருந்தாலும் என்றாள்.
வியாழக்கிழமை நான் மாட்டு ஏலத்தில் இருந்தேன்.

இருபத்தாறு வருடமாய் அங்கே நான் வாய் திறந்ததில்லை.
என் தாடை ஓர் அங்குலம் அசைந்தால் ஒரு விலை.
ஏலம் கூவும் ஆர்விட் சோல்பெர்க்
அதை என் கணவனைவிட நன்றாய்ப் படிப்பார்.
மூன்றாவது இழுப்பில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
ஐந்தாவதில் எதிர்வரிசைக்காரன் விட்டுக்கொடுத்தான்.
ஏழாவதில் சுத்தியல் விழுந்தது.
இல்லை, இல்லை என்று ஆட்டப் பார்த்தேன்.
வலப்பக்கம் பதினைந்து டிகிரிதான் போனது.
பாதி இல்லையை யார் ஒப்புக்கொள்வார்கள்?
கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.
எல்லோருக்கும் கழுத்து இருந்தது.

டெல்ஃபினிடம் சொன்னேன்.
சிரித்தாள், மன்னிப்புக் கேட்டாள், மறுபடி சிரித்தாள்.
பிறகு தீவிரமாய்க் கேட்டாள்:
“ஏழு முறையும் தோள் தூக்காமல்தானே செய்தாய்?”

சிவப்புப் பசு. பல் தேய்ந்தது. இடக்கண் இல்லை.
கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்க்கும்.
அன்று என் நிலையும் அதுதான்.
முற்றத்தில் நாங்கள் இருவரும் வட்டமிட்டதை
என் கணவன் சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு
காப்பியோடு உள்ளே போய்விட்டான். நல்ல மனிதன்.

ஏப்ரலில் துண்டைக் கன்னத்தோடு இழுத்துத் திருப்பினேன்.
ஐந்து டிகிரி. ஒரு வாரம் இரண்டு. ஒரு வாரம் ஒன்றுமில்லை.
மழைக்கு முன்னால் மண்டை இன்னும் இடிக்கிறது.
மே பாதியில் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது
தோளுக்கு மேல் வேலிக்கம்பம் தெரிந்தது.
நின்று அதையே பார்த்தேன்,
ஊரிலிருந்து வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

நேற்று அதே தண்டவாளம், கதவு விழுந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ண வரவில்லை.
பின்னால் ஏதோ வண்டி வேகம் குறைக்கும் சத்தம்.
கண்ணாடி இருந்தது, பார்க்கவில்லை.
திரும்பியே பார்த்தேன்.
டாலஸ். மூன்று வண்டி நீளம் தள்ளி நின்றிருந்தான்,
இரு கையும் ஸ்டியரிங்கில்.
கொஞ்சம் வலித்தது.
அதற்குள் எத்தனை வேகன் போயிற்றோ.